பின் இருக்கையின் சம்பளம்

மார்ச் 3, திங்கள்

எம்.டி. கூட்டத்துக்குள் போயிருக்கிறார். நான் வழக்கம்போல் காரில். என் வேலையில் பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. இந்த நோட்டு காத்திருக்கும் பாதிக்கு.

ஆபீஸிலிருந்து மறுபடி அந்தத் தாள் வந்தது. யாரும் தன் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக் கூடாதாம். கையெழுத்துப் போட்டேன். இதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நிற்கும் என் மனைவியும் போட்டாளாம். விதிப்படி நானும் அவளும் சக ஊழியர்கள்! "உங்க சம்பளம் எனக்குத் தெரியாது, ஆனா வாடகைக்கு எடுத்து வைங்க" என்று சிரித்தாள்.

மார்ச் 6

இந்த வருடமும் பேக்கிங் பிரிவுக்குச் சம்பள உயர்வு இல்லை. கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறதாம், எம்.டி.யே உயர்வு வாங்கவில்லையாம். பெண்கள் கைதட்டினார்களாம். "பாவங்க அந்த மனுஷன், நம்மளோட சேர்ந்து வயித்தைக் கட்டுறாரு" என்றாள் என் மனைவி. நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 11

டிரைவருக்குக் காது கிடையாது. தொழிலின் முதல் பாடம் இதுதான். பின் இருக்கையில் எத்தனை சண்டை, எத்தனை கொஞ்சல் — எதையும் நான் கேட்டதில்லை. இன்று கேட்டதை மட்டும் கேட்காததாக்க முடியவில்லை.

எம்.டி. போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேக்கிங்குக்கு உயர்வை நிறுத்தினதாலதான் என் போனஸ் முழுசா வருது. அதுங்களுக்குக் குடுக்கறது சில்லறைதான். ஆனா பழக்கிவிடக் கூடாது பாரு."

அப்புறம் போனஸ் தொகையைச் சொன்னார். அதைக் கண்ணால் பார்க்க என் மனைவி ஐந்து பிறவி நின்றபடி பெட்டி கட்ட வேண்டும். சிக்னல் பச்சையானதுகூடத் தெரியவில்லை.

"என்னப்பா, தூக்கமா?"

"இல்ல சார்."

மார்ச் 12

அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 14

சொல்லிட்டேன். மறுபடி "பாவம் அந்த மனுஷன்"னு ஆரம்பிச்சா. எத்தனை நாளைக்குத்தான் கேட்டுட்டே இருக்கிறது? அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றேன். "நான் ஏங்க சொல்லப்போறேன்" என்றாள்.

மார்ச் 20

சத்தியமாக அவள் போனஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் இன்றைய கூட்டத்தில் எம்.டி.யே வந்து, எல்லோரும் ஒரே குடும்பம், கஷ்டத்தையும் பகிர்ந்துகொள்வோம் என்று பேசினாராம். இவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கேட்டிருக்கிறாள்: "எங்களுக்குக் குடுக்கறது சில்லறைதானே சார்? பழக்கிவிடக் கூடாதுன்னா நிறுத்தினீங்க?"

அவர் இவளைப் பார்க்கவில்லையாம். ஜன்னல் வழியாகக் கார் நிற்கும் இடத்தைப் பார்த்தாராம்.

பக்கத்து மேசைக்காரி தன் சம்பளத்தை உரக்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்தவள் தன்னுடையதை. ஒரே மேசை, ஒரே வேலை, சம்பளம் மட்டும் ஆளுக்கொரு விதம். "உங்களோடது எவ்வளவு சார்?" என்றும் ஒரு குரல் கேட்டதாம்.

வீட்டில் ஒரே அழுகை. "அவர் வார்த்தையை அப்படியே அவர்கிட்டயே சொல்லிட்டேனேங்க." எனக்குக் கோபம் வரணும். வரல. அலுப்பா இருக்கு, அவ்வளவுதான்.

மார்ச் 21

எம்.டி. ஆபீஸ் வாசலில் இறங்கும்போது கார் சாவியைக் கேட்டார்.

ஏப்ரல் 9

பெண்கள் ஓவர்டைம் பார்க்க மறுத்ததில் பேக்கிங் பிரிவுக்கு உயர்வு வந்துவிட்டது. என்னைச் சரக்கு வேனுக்கு மாற்றி, எம்.டி. கார் ஓட்டியதற்குக் கிடைத்த படியையும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ஏறியதும் எனக்கு இறங்கியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஆனா செக்ஷன் முழுக்க ஏறிச்சேங்க" என்றாள். ஆமாம் என்றேன். பாதி மனதோடுதான்.

ஏப்ரல் 15

வேனில் லோடுமேன் என் பக்கத்திலேயே உட்காருகிறார். என்னைவிட மூத்தவர், கம்பெனியிலும் பழைய ஆள். இத்தனை வருடம் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பேசக் கேட்டே பழகியவனுக்கு இது புதிது.

"தம்பி, தப்பா நினைக்காதே. உனக்கு எவ்வளவு தர்றாங்க?"

கொஞ்சம் காது கேட்காத மாதிரி ஓட்டிப் பார்த்தேன். பிறகு பைசா சுத்தமாகச் சொன்னேன். அவரும் தன்னுடையதைச் சொன்னார். படியை நிறுத்திய பிறகும் எனக்கு வருவதில் பாதிதான் அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கிடங்கு கேட் அருகே மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு உன் வீட்டுக்காரி எந்திரிச்சு என்ன கேட்டுச்சு? எப்படிக் கேட்டுச்சு?"

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அவள் கேட்டபடியே சொல்லிக் காட்டினேன்.