மூன்றில் இரண்டாம் பக்கம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், அதில் முதல் சொல்லை எழுத நீயும் அப்பாவும் எனக்கு இடம் வைக்கவில்லை. நீயும் மருமகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அவள் இருமல் நின்றதா. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்துவாய். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

பத்து நாளைக்கு முன்னால் அச்சகத்து மேனேஜர் லீவுக்காக ஆஸ்பத்திரிக் காகிதம் கேட்டார் என்று அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தேன். என் குடலை வெட்டியெடுத்துச் சோதித்த ரிப்போர்ட், முதல் தாளின் அடியில் மூன்றில் ஒன்று என்றிருக்கிறது, அடுத்த தாளில் மூன்றில் மூன்று. இருபத்தாறு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறவள் நான், யாரோ எழுதிய புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலே கண்ணில் குத்தும், என் வயிற்றைப் பற்றிய காகிதத்தில் ஒரு பக்கமே இல்லையென்றால் குத்தாதா? அப்பாவைக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலயே விட்டிருப்பாங்க என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட மடித்திராத மனிதர்.

மறுநாள் தனியாக பஸ் ஏறிப் போய், ஆய்வுக்கூடத்தில் நகல் கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போட்ட டாக்டரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன், இரண்டு மணி நேரம் தையல் போட்ட இடம் சுருக்குச் சுருக்கென்று குத்தியது. வந்தவள் உன் வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னாள். பதினெட்டு நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, சோதித்தார்களாம், பதினெட்டும் சுத்தம். நெறிக்கட்டி சுத்தம், ஸ்டேஜ் ரெண்டுதான், இனி பயமில்லை என்று நீங்கள் சொன்னதில் அதுவரைக்கும் உண்மை. ஆனால் குடலைச் சுற்றிய கொழுப்பில், பெரிய கட்டியோடு ஒட்டாமல் இரண்டு குட்டிப் புற்றுக்கட்டிகள் தனியாக ஒதுங்கிக் கிடந்தனவாம். நெறிக்கட்டி எல்லாம் சுத்தமா இருந்தாலும் இப்படி ஒண்ணு இருந்தாலே ஸ்டேஜ் ரெண்டு இல்ல, மூணுதாம்மா, திரும்ப வர்ற வாய்ப்பு கூடுதல், அதைக் குறைக்கத்தான் கீமோ, உங்களுக்கு எத்தனை தடவை ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுகூட ஆகவில்லை என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லது, இன்னும் நாள் இருக்கு, நாளைக்கே வாங்க என்றாள். அன்றோடு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீ அம்மா தாங்க மாட்டாங்க, கொஞ்சம் தேறட்டும் என்றிருக்கிறாய். குடல் யாருடையது? பெரியம்மா கீமோவில் பட்ட பாட்டைப் பார்த்து நான் பயந்தது உண்மைதான். பயப்படுகிறவளுக்குக் காது கேட்காதா, புத்தி வேலை செய்யாதா? போன மாதம், எனக்குத்தான் சரியாகிவிட்டதே, அவசரப்படாமல் அடுத்த வருஷம் வாருங்கள் என்று போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? சரிம்மா என்றாய். தெரிந்துகொண்டே சொன்னாய். அந்த நாலு எழுத்தை எப்படியடா சொல்ல வாய் வந்தது?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. நான் விடவில்லை, கடைசி வரி வரை படித்தார். பிறகு பக்கத்தை உருவியதையும் உன்னிடம் பேசியதையும் ஒப்புக்கொண்டு, நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன் என்று அழுதார். அதற்கு என்னைச் சீக்கிரம் அனுப்பி வைப்பதா வழி என்று கேட்டேன். பாவமாகத்தான் இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

முதல் கீமோ போன திங்கள்கிழமை ஆனது, ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது, மருந்தின் பக்கவிளைவாம், விரல்நுனி மரத்துப்போகிறது, அதனால்தான் எழுத்து கோணல். எத்தனை நாள் இருப்பேன் என்று அந்த ஆய்வுக்கூடத்து டாக்டர் பெண்ணாலும் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று நேராகச் சொன்னாள், அதுவே எனக்கு எவ்வளவோ தெம்பாக இருந்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், கோபத்தில் சொன்னாலும் பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா நம்பருக்கு அல்ல, என் நம்பருக்கு. அழுகை வந்தால் அழு, நான் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் நடக்காதது போல் சிரித்துப் பேசினால் போனை வைத்துவிடுவேன்.

கோபம் தீராத,
உன் அம்மா