சுவரில் ஒட்டிய பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, பெனிட்டோ எழுதுவது. தூத்துக்குடியில் உங்கள் மூட்டுவலி தேவலையா? திருவொற்றியூரில் நான் சுகம்தான், கோபம் மட்டும் அடங்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சமே வெளியிட்ட, 'சோல்' என்னும் கறுப்பின மக்கள் பாட்டு இசைத்தட்டு ஒன்றைத் தேடி அலைந்து வாங்கியிருந்தேன். என்னைக் கேட்காமலே அறைத்தோழன் செங்குட்டுவன் அதைத் தன் அண்ணனின் புதுக் காபிக்கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அழகுக்காகச் சுவரில் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள்!

"இன்னா மாமு, பழைய தட்டுக்கா இம்மாம் பேஜாரு? செவுத்துல சோக்கா கீது பாரு" என்று, கடைக்கு ஓடிப்போய்க் கேட்ட என்னிடம் செங்குட்டுவன் சிரித்தான்.

"ஏலே, அது என்ன காலண்டரா? பாடுற தட்டுல்லா!" என்று கத்திக்கொண்டே நானே பிய்த்தெடுத்தேன். பசை பட்ட பக்கம் பாழ். மறுபக்கம் பாடுகிறது. அவனோடு இன்னும் பேசவில்லை. அறையில் பேச வேறு ஆளுமில்லை.

தட்டுகளைச் சுற்றிவைக்க உங்கள் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நீங்கள் உடுத்தியபடியே இருக்கட்டும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகன்
பெனிட்டோ