கடைசி சைக்கிள் உன்னுடையது

விரலில் பசை ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் வாடை போகவில்லை. இன்று ஷிப்ட் விட்டதும் டிராபிக் போலீஸ் பூத் பக்கத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, பின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். லாரி வெளிச்சம் பட்டால் மின்னுமே, அதுதான். முதன்முதலாக ஒட்டிய நாளில் நீ கோணலாக ஒட்டிவிட்டு, "லாரிக்காரன் என்ன ஸ்கேல் வச்சா அளக்கப் போறான்?" என்று கேட்டாய். இன்றைக்கு ஒட்டியதெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் கம்பெனியில் ஒரே லைனில் எதிரெதிரே நின்று, காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டியவர்கள். நான் ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். நீ கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து, உன்னைப் போன்ற பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாய். கம்பெனி பஸ்ஸெல்லாம் தூரத்து ஆட்களுக்கு. நமக்கு சைக்கிள்தான். கேட்டை விட்டு வந்தால் எதிரே அவ்வளவு அகல ரோடு, கார் ஏற்றிப் போகும் நீள நீள லாரிகள். கடக்கப் பயந்துகொண்டு எல்லோரும் ராங் சைடிலேயே ஓட்டிப் போவோம்.

அதற்காகத்தான் ஒருநாள் பூத்தில் நிற்கும் டிராபிக் ஏட்டையா உன் சைக்கிளை மடக்கி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார். நானாக இருந்தால் அழுதுகொண்டே தள்ளிப் போயிருப்பேன். நீ பூத் வாசலில் ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்தாய்.

"காத்த நீங்கதான சார் புடுங்குனீங்க? ரூம் வரைக்கும் நீங்களே கொண்டு விடுங்க."

"ராங் சைடுல வந்தா மாலையாம்மா போடுவாங்க?"

"சரியான சைடுக்குப் போணும்னா ரோட்டக் கடக்கணும்லா? எவன் கடக்க விடுதான்?"

போலீஸ்காரரோடு நீ மல்லுக்கு நின்றபோது நான் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரோ பஞ்சர் கடையிலிருந்து பம்பை வாங்கி வந்து தானே காற்றடித்துக் கொடுத்தார். மறுநாள் நீ ஒரு யோசனையோடு அவரிடம் போனாய். ஷிப்ட் விடும் நேரத்தில் அவர் வண்டிகளை நிறுத்த வேண்டும். நாம் ஒருத்தி ஒருத்தியாகப் பாயாமல், கூடி நின்று ஒரேயடியாகக் கடக்க வேண்டும்.

"பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி காத்துகினு நிப்பீங்களா? ஆவற கதையா சொல்லும்மா" என்று சிரித்தார்.

நின்றோம். நீ நிற்க வைத்தாய். வீட்டில் பால் பொங்குகிறது, பிள்ளை அழுகிறது என்று முண்டியவர்களையெல்லாம் கேலி பேசியே நிற்க வைத்தாய்.

பெல் அடிக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது. லாரியை மறிக்கிறவர் டிரைவரின் கண்ணைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். முதுகைக் காட்டினால் வண்டியை மெல்ல நகர்த்துவான். அதனால் தன் பின்னால் எல்லோரும் கடந்தாயிற்றா என்பது ஏட்டையாவுக்குத் தெரியாது. கடைசியாகப் போகிறவள் அந்தப் பக்கம் சேர்ந்ததும் இரண்டு தரம் பெல் அடிப்பாள். அவர் கையை இறக்குவார். கடக்கும்போது வேறு யாரும் பெல்லைத் தொடக்கூடாது. அந்தக் கடைசி இடத்தை நீ ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஏட்டி, ஒன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிய கடைசியில விட்டா, எல்லாருக்கும் முந்தி நீயே அந்தப் பக்கம் போய் நிப்ப" என்றாய். உண்மைதான்.

அன்று கம்பெனியில் ஆயுத பூஜை. எல்லோர் ஹேண்டில்பாரிலும் பொரிப் பை தொங்கியது. லைனுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், உன் ஊர்ப் பக்கத்துக்காரி, அன்றுதான் புது சைக்கிளில் வந்தாள். சந்தனம் குங்குமமெல்லாம் வைத்திருந்தாள். ஏட்டையா கையை நீட்டிய பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டதால், புதிதாக வருகிறவர்களுக்கு நீ சொல்லுவதையெல்லாம் அவளுக்குச் சொல்ல நேரமில்லை. என் பக்கத்திலேயே ஓட்டி வந்தாள். அந்தப் பக்கம் ஒரு மாடு குறுக்கே நின்றது. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பெல்லை அடித்தாள், இரண்டு தரம்.

நான் திரும்பிப் பார்த்தேன். உன் சைக்கிளில் செயின் கழன்றிருந்தது. நீ நடு ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாய். நான் கத்தினேன். ஏட்டையா கையை இறக்கியிருந்தார்.

அதற்கு மேல் எழுத என்னால் முடியாதடி.

ஆஸ்பத்திரியில் ஏட்டையா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பெல்லு கேட்டேம்மா, கேட்டுத்தான் கைய எறக்குனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நீயே அவசரப்பட்டு அடித்துவிட்டாய் என்று பேச ஆரம்பித்தார்கள். உன்னைக் கொண்டுபோக வந்த உன் அண்ணன் என்னிடம் கேட்டார்: "அவளேதான் அடிச்சாளாம்லாம்மா? அப்படி என்ன அவசரம் அவளுக்கு?"

"அவ அடிக்கலண்ணா. நான் திரும்பிப் பாத்தேன், ஹேண்டில ரெண்டு கையாலயும் புடிச்சி தள்ளிகினு வந்தா. பெல்லு ரோட்டோரமா போன எவனோ அடிச்சது" என்றேன். இன்ஸ்பெக்டரிடமும் அதையே சொன்னேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்களே, பாதி உண்மை என்பதால் அது பொருந்திவிட்டது. ரோட்டோரமாகப் போன எவனையோ எல்லோரும் திட்டினார்கள். அந்தப் பெண்ணும் திட்டினாள்.

இப்போது பெல் இல்லை. போலீஸ் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் லாரியைப் பார்த்து, ஒருவர் நம்மைப் பார்த்து. கடைசியில் வருகிறவள் சிவப்புக் கொடியைத் தூக்கிக் காட்டினால்தான் வண்டியை விடுவார்கள். உனக்குச் சிரிப்பு வரும், அந்தக் கொடி என்னிடம்தான் இருக்கிறது.

இன்று ஸ்டிக்கர் ஒட்டும்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குந்தினாள். கீழே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு மாட்டப் பாத்து நானும் பெல் அடிச்சேன். ஏட்டையா கேட்டது என் பெல்லா இருக்குமாக்கா?"

கேட்டுவிட்டாளே என்று இருந்தது. ஆமாம்டி என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பக்கத்துல வந்த எனக்கே உன் பெல்லு கேக்கல. அவ்வளவு தூரத்துல நின்ன ஏட்டையாவுக்கா கேட்டுடும்? போடி, ஒழுங்கா ஒட்டு."

"சரிக்கா" என்றாள். எழுந்தபோதுதான் அவள் ஹேண்டில்பாரைப் பார்த்தேன். பெல்லைக் கழற்றியிருக்கிறாள். எப்போது கழற்றினாளோ, அது இருந்த இடத்தில் துருவே பிடித்திருந்தது.

வீட்டுக்குப் போகும்போது அவளை எனக்கு முன்னால் விட்டேன். அவளுடைய பின் சக்கரம் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியதைப் பார்த்த பிறகு நானும் இறங்கினேன். அதன் பிறகே கொடியைத் தூக்கினேன். அவள்மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உன்னை நினைத்தாலே அந்தப் பெல்லில் இருந்த அவளுடைய கட்டைவிரல்தான் முன்னால் வருகிறது. சின்னப் பெண், நாளைக்குக் கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஆக வேண்டியவள். என்றைக்காவது ஒரு கோபத்தில் அவளிடம் கொட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்று உன்னிடம் கொட்டினேன். நீ யாரிடமும் சொல்ல மாட்டாய்.