கண்ணாடி போட்டு வாசிங்க

கொழும்பு,
திங்கக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெயந்தினி எழுதுறேன். நான் சுகமா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? பொகவந்தலாவையில மழை விட்டுச்சா? போன்ல பேசினா அண்ணி எல்லாருக்கும் கேக்குற மாதிரி போட்டு விடுறாங்க. அதான் கடிதம்.

நேத்து பின்னேரம் நான் வேலை செய்யிற வீட்டுக்கு எங்க வீட்டுக்கார நோனாவோட சேவைக் கிளப் ஆளுங்க விருந்துக்கு வந்தாங்க. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஏதோ தேயிலத் தோட்டத்துல இலவசமா கண்ணாடி குடுத்தாங்களாம், அந்தப் படங்கள சுவத்துல பெருசா காட்டினாங்க. நான் தேத்தண்ணித் தட்டோட நிக்கிறேன், சுவர் முழுக்க நீங்க! நான் அனுப்புன நீல சுவெட்டர், புதுக் கண்ணாடி, முதுகுல கொழுந்துக் கூடை. ஞாயித்துக்கிழமை கூடை எதுக்கும்மா? படத்துக்காக மாட்டிக்கிட்டு வரச் சொன்னாங்களா? கண்ணு மங்கினத ஏன் என்கிட்ட சொல்லல?

எல்லாரும் கைதட்டினாங்க. நல்ல மனுசங்கதான். மிச்ச கேக் துண்ட எனக்குத் தந்தாங்க.

உங்க பழைய தலைத்துண்டு ஒண்ணு அனுப்புங்க, மேசை தொடைக்கத்தான். தேயிலத் தூளும் கொஞ்சம் வைங்க.

நோனா கூப்பிடுறாங்க. ஒண்ணு மட்டும் எழுதிடுறேன். இனி நீங்களே வாசிக்கலாம்தானே, அண்ணிகிட்ட குடுக்காதீங்க. "ஒங்க ஊர்ப் பக்கம்தானே, இந்த அம்மாவ தெரியுமா?"ன்னு நோனா எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. ஆமான்னு சொன்னா என்னையும் அந்தச் சுவர்கிட்ட நிறுத்திக் கைதட்டுவாங்கன்னு பயந்துட்டேன்.

தெரியாதுன்னு சொல்லிட்டேன்மா.

உங்க மக,
ஜெயந்தினி