பவுனு சொன்ன 'வெளக்கு'

லோதி ரோடு, புது தில்லி
14-2-1981

அருமை வத்சலாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. இத்தாலியில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் 'எ'வை வாய் அகலத் திறந்து சொல்கிறார்கள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் குறுக்கிச் சொல்கிறார்கள், அதை டேப்பில் பிடித்து ஆராய்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், போன ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகருக்கு வந்திருந்தால் போதும். நம் பெண்கள் சங்கத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு ஒப்பிக்கும் போட்டி. நடுவர் யார் தெரியுமா, வைதேஹி. கணவர் அண்டர் செக்ரட்டரி ஆனதிலிருந்து தமிழே தன் வீட்டுச் சொத்து என்று நினைப்பு. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பொன்னம்மாளின் மகள் பவுனுவை நான் அழைத்துப் போயிருந்தேன். கணீரென்று, தடங்கலே இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். 'விளக்கு' என்கிற இடத்தில் 'வெளக்கு' என்றாள், அவ்வளவுதான், வைதேஹி மைக்கிலேயே, "நிறுத்து நிறுத்து, வெளக்கு இல்லேடி, விளக்கு. சேரி பாஷையெல்லாம் இங்கே கூடாது" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பவுனு பாதியிலேயே இறங்கிவிட்டாள். அடுத்து வைதேஹியின் தங்கை பிள்ளை சேஷு. இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து 'வில்லாக்கு' என்று வாசித்தான். "பாவம், டெல்லியிலே பொறந்த கொழந்தை, எவ்ளோ அழகா சொல்றான்" என்று அவனுக்கே முதல் பரிசு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "பொறந்த கொழந்தை இல்லே வைதேஹி, பிறந்த குழந்தை. இப்போ நீ பேசினது எந்த பாஷை?" என்று கேட்டேன். அந்த அறிவுக்கொழுந்துக்கு நான் என்ன கேட்டேன் என்றே புரியவில்லை. திருதிருவென்று விழித்துவிட்டு, "அச்சா அச்சா, எல்லாரும் டிபன் சாப்பிட வாங்கோ" என்றாள். இனி சங்கத்தில் என் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பவுனுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் புரொஃபசர் எந்த 'எ'வைச் சரி என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறார் என்று ஒரு தரம் கேட்டுப் பார். வக்கீல் வீட்டு 'எ' என்றாரானால் அவரும் கோட்டுப் போட்ட வைதேஹிதான்.

நேற்று பவுனு அம்மாவோடு வந்தாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன். "ஜி, கா லியா" என்றாள். பொன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே, "அன்னிலேருந்து வீட்லயும் இந்திதாம்மா. தமிழ்ல கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. நீ நினைத்ததெல்லாம் நிறைவேறட்டும்.

உன் அம்மா