காட்டோடு ஒரு வரம்பு

12.09.2003, வெள்ளி. காலை 6.40. மரையடி மலைச்சரிவில் புதிதாக வெட்டிய மரங்கள்: நாற்பத்தொன்று.

நானே எண்ணினேன். சண்டைக் காலத்தில் பயத்தில் ஒருவரும் மலைக்குப் போகவில்லை. காடு தன்பாட்டில் வளர்ந்தது. சமாதானம் வந்து ஒன்றரை வருசம் — கோடரியும் வந்துவிட்டது. வெட்டியவர் கதிர்காமத்தம்பி அண்ணன், சரிவில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவர். ஒளிக்கவில்லை. "என்ட சேனை மண் எல்லாம் மழையோட போயிற்று மனே. கல்லிலயா சோளன் போடுற? இன்னும் மேல வெட்டத்தான் வேணும்."

போன மண் எங்கே? அடிவாரக் குளத்தில். குளம் தூர்ந்தால் கீழே வட்டை முழுக்க, அத்தனை வயலும் காயும். மாரிக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்குள் சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கவேண்டும். மண் நின்றால் காடும் நிற்கும். செய்யலாம்! தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்ததே இதுக்குத்தானே.

15.09
மட்டம் பார்க்கும் கருவியைப் பாலத்துக் காவல் சென்றியில் இராணுவத்தினர் விடவில்லை. மூன்று காலில் நிற்கிறதாம், ஆயுதம் போல இருக்கிறதாம்!

16.09
வேணாம் போ. அப்பாவின் தச்சுப் பட்டறையில் மூன்று சட்டத்தை முக்கோணமாக அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டேன். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நின்றால் நூல் நடுக்கோட்டில் நிற்கும். துல்லியம்! அப்பா: "கட்டில் ஒண்டு செய்யச் சொன்னா மட்டும் கை வராது."

21.09, ஞாயிறு
பழுகாமத்துக்கு மேற்கே, மலையடி ஊரில் கமக்காரர் கூட்டம். நாசமாய்ப் போகப் பார்த்தது. என்ன சொல்லிப்போட்டன் நான்? "மலையில வரம்பு கட்டப்போறம்" — அவ்வளவுதான். நான் படித்த வரம்பு மண்ணை மறிக்கிற கட்டு. இவர்களுக்கு வரம்பென்றால் ஒருவன் காணி முடிந்து அடுத்தவன் காணி தொடங்கும் இடம். சங்கச் செயலாளர் மங்கையற்கரசி அக்கா எழும்பிவிட்டா. "ஆருக்குக் காணி பிரிக்க வந்த நீ? கவுண்மேந்துக்கா?" எல்லாரும் கத்துறாங்க. விளங்கப்படுத்த ஏலா. எனக்கும் கோபம் ஏறிற்று.

"சரி பறங்கித் தம்பி, வரம்புக்குக் கீழ நாங்க. மேல ஆர்ர காணி? சொல்லு பாப்பம்!" என்றா அக்கா. நான் பறங்கியர் வீட்டுப் பிள்ளை என்று அவவுக்குத் தெரியும்.

"காட்டின்ர காணி! மேல காடு இருக்கு, கண் தெரியல்லையா?"

கதிர்காமத்தம்பி அண்ணன் சிரித்தார். "அப்ப காடு எங்கட பக்கத்து வயல்காரன் எண்டுறாய்."

"ஓம்! அப்பிடித்தான்!"

"மண் நிண்டா நான் ஏன் மேல போறன்? நிக்காட்டி உன்னைத்தான் வெட்டுவன்."

கூட்டமே சிரித்தது. இங்கே அடுத்தவன் வரம்பை வெட்டியவனோடு கலியாண வீட்டிலும் பக்கத்தில் இருந்து சாப்பிடமாட்டார்கள். பஸ்ஸில் வரும்போது தனியச் சிரித்தேன். எவ்வளவு நல்ல பிழை!

24.09
கல்.

02.10
கல். இருபது பேர். மங்கையற்கரசி அக்கா தலையில் கல்லோடு கடந்து போனா: "வாய் மட்டும் வேலை செய்யுது. கை எங்க?"

19.10
மழை! மூன்று மணித்தியாலம், விடாமல். குடையை எறிந்துவிட்டு மேலே ஓடினேன். ஓரிடத்தில் கல் சரிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் — மண் கல்லுக்கு மேற்புறம் குவிந்து நிற்கிறது! கதிர்காமத்தம்பி அண்ணன் குந்தியிருந்து விரல் வைத்து அளந்தார். நாலு விரல். "நிக்குதுதான்," என்றார். நான் துள்ளினேன், அவர் முன்னாலேயே.

25.10
மரம் வெட்ட அடுத்த ஊர் ஆட்கள் இரண்டு பேர் மாட்டுவண்டியோடு வந்தார்களாம். கதிர்காமத்தம்பி அண்ணன் வரம்பில் ஏறி நின்று திருப்பி அனுப்பியிருக்கிறார். "பக்கத்து வயல்காரன்ர காணி அது. ஆளுக்கு வாய் இல்ல, நான்தான் பாக்கிறன் எண்டன்."

இனிச் செய்வது:

1. சரிந்த இடத்தைப் பெரிய கல்லால் கட்டுவது. நாளைக்கே.
2. கல்லோரம் முழுக்க, மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நடுவது, மழை விட முன்.
3. வண்டி வந்த ஊரில் கூட்டம் வைப்பது. வாய் திறந்ததும் 'வரம்பு' என்று தொடங்குவது.
4. கதிர்காமத்தம்பி அண்ணனையும் கூட்டிப்போவது. அவரே பேசட்டும். கேட்டுவிட்டேன் — ஓம் என்கிறார்.