நீ விடாத ஹார்ட்லி

இன்று காலை உன் மகளோடு தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள். அந்த எலுமிச்சை லிக்விட் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது உன் புடவையில் வீசுமே, அதே வாசம்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் நாம் எதிரெதிர் வீடு. நான் தையல் மெஷினோடு வீட்டில் இருப்பேன். நீ ஓர் ஐ.டி. அலுவலகத்தில் தரை துடைத்தாய். "சூப்பர்வைசர் ஆவணும்டி. அதுக்கு இங்கிலீஷ் வோணுமாம்" என்று சனிக்கிழமை வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

சூப்பர்வைசர் வேலைக்கான உன் முதல் இன்டர்வியூவுக்குத் துணையாக வந்து வெளியே நின்றிருந்தேன். எப்படி வேலை செய்வாய் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறாய். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இன்னா சார் தப்பு?" என்று நீ கேட்டும் யாரும் சொல்லவில்லை.

வகுப்பில் கையைத் தூக்கி நீயே கேட்டாய். ஹார்ட்லி என்றால் கஷ்டப்பட்டு என்று பொருள் இல்லை, 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை' என்று பொருள் என்றார் சார். 'நான் வேலையே செய்யமாட்டேன்' என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்!

"ஸ்லோன்னா ஸ்லோலி, குயிக்னா குயிக்லின்னு நீங்கதான சார் சொன்னீங்கோ? ஹார்டுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

"அதுக்கு லி போடக் கூடாதும்மா. ஒர்க் ஹார்ட், அவ்ளோதான். லி போட்டா அர்த்தமே மாறிடும்."

எனக்கு அவமானமாக இருந்தது. இனி வகுப்பே வேண்டாம் என்றேன். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கோ. அந்த வார்த்தைய நான் உடமாட்டேன்" என்றாய். திரும்பும் பேருந்திலேயே தொடங்கிவிட்டாய். தண்ணி ஹார்ட்லி வருது. லிஃப்ட் ஹார்ட்லி ஓடுது. எம் புருஷன் ஹார்ட்லி பேசுறான். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நீ நிறுத்தவில்லை.

சில மாதம் கழித்து அதே மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தாய். 'ஐ ஒர்க் ஹார்ட், சார். ஐ ஹார்ட்லி டேக் லீவ்.' இந்த முறை அவர் சிரித்தது வேறு சிரிப்பு என்றாய். சூப்பர்வைசர் ஆன அன்று நம் மாடியில் எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தாய்.

பிறகுதான் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று, உனக்குப் புரியாது என்ற நினைப்பில், டாக்டர் இன்னொருவரிடம் 'ஷி இஸ் ஹார்ட்லி ரெஸ்பாண்டிங்' என்றார். மருந்து உனக்குக் கேட்கவில்லை என்கிறார். எனக்கே புரிந்துவிட்டது, உனக்குப் புரியாமல் இருக்குமா? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் நகர்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஹார்ட்லின்னுதான்டி சொன்னாரு. சுத்தமா இல்லன்னு சொல்லல. கொஞ்சம் கீது."

அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாய். மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

அந்தத் துக்கத்தில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாள் தப்பிவிட்டது. "இந்த வருசம் வேலைக்குப் போவட்டும்" என்றார் உன் வீட்டுக்காரர். அவர் பேச்சை நான் கேட்கவில்லை, இன்று காலை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"இவ்ளோ லேட்டா வந்தா எப்படிம்மா? சான்ஸ் ரொம்ப கம்மி" என்றார் அலுவலகத்து அம்மா.

"கம்மிதான மேடம்? இல்லன்னு இல்லையே. வெயிட் பண்றோம்" என்றேன்.

அவர் சாப்பிடப் போய்த் திரும்பியபோதும் நாங்கள் அதே பெஞ்சில் இருந்தோம். எங்களைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"பி.காம்ல ஒரு பொண்ணு சேர வரல, சீட் இருக்கு. ஆனா ஈவினிங் காலேஜ். பரவாயில்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் உன் மகள் எழுந்து நின்று, "பரவாயில்ல மேடம்" என்றாள்.

மாலை வகுப்பு முடிந்து அவள் வந்து இறங்குவதற்குள் இருட்டிவிடும். பஸ் ஸ்டாப்பில் தினமும் நான் நிற்பேன்.